பிள்ளைகளை ஒளிக்காதீர்கள், தோழர்களே!

ஏற்காட்டுத் தோழர்களே, சேர்வராயன் மலை ஊர்களில் சங்கக் கொடியைத் தூக்கிப் பிடித்து நிற்கும் வாலிபர்களே, மாதர் கூட்டத்து அக்காமார்களே, தோட்டத் தொழிலாளர்களே!

மே மாதம் நெருங்கிவிட்டது. அந்த ஒரு மாதத்துக்குள் நம் மலைமேல் என்னவெல்லாம் வந்து குவிகிறது என்று எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு, பின்னாலேயே பத்தாம் வகுப்பு முடிவு. கோடை விழா. சேர்வராயன் கோயில் திருவிழா. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வரும் வண்டிகள், அந்த வண்டிகளோடு வரும் பாட்டில்கள். தேர்வில் தவறி வீட்டில் முகம் காட்ட முடியாத பிள்ளையும், சீசன் வேலையில் நாலு காசு பார்த்த பிள்ளையும் ஒரே சமயத்தில் ஒரே ரோட்டில் நிற்பார்கள். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். ஜூன் மாதத்தில் எழுதினால் இது இரங்கல் தீர்மானமாகிவிடும்.

வெளிப்படையாகப் பேசுவோம். நம் மலையில் பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் குடிக்கிறார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் குடிக்கிறான். உண்டு உறைவிடப் பள்ளியிலிருந்து விடுமுறைக்கு வந்தவன் குடிக்கிறான். போர்வெல் லாரியோடு ஆந்திராவுக்கும் சத்தீஸ்கருக்கும் போய், பல மாதம் கழித்துத் திரும்பி வந்தவன் குடிக்கிறான். அவனைப் பார்த்து அவன் தம்பி குடிக்கிறான். குடிக்காத பிள்ளைகளிலும் சிலருக்கு மனசு உடைந்து கிடக்கிறது. சாப்பாடு இறங்குவதில்லை, தூக்கம் வருவதில்லை, செத்துப்போய்விடலாம் என்று தோன்றுகிறது. இதெல்லாம் நமக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருக்கிறோம்.

போன தை மாதத்தில் ஒரு வீட்டுக் களத்தில் நின்றுகொண்டிருந்தேன். காய்ந்துகொண்டிருந்த காப்பிப் பழத்தைக் கையால் புரட்டிவிட்டுக்கொண்டே அந்த அக்கா சொன்னார்: “தம்பி, பையனுக்கு ராத்திரியில தூக்கமே இல்லீங்க. திடீர்னு எந்திரிச்சு உக்காந்துக்கறான். கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறான். பொழுது சாஞ்சா எங்கியோ போறான், வரும்போது வாடை அடிக்குது.” சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாமா அக்கா என்றேன். கை அப்படியே நின்றுவிட்டது. “வேண்டாஞ்சாமி. பைத்தியம்னு பேரு கட்டிருவாங்க. நாளைக்கு இவன் தங்கச்சியை யாரு வந்து கேப்பாங்க?” அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டார். பேச்சு உடனே மிளகு விலைக்குத் தாவிவிட்டது. களத்து ஓரத்தில் அந்தப் பையன் கோணி ஊசியால் கிழிந்த சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தான். அவன் தலை நிமிரவில்லை. நாங்கள் பேசியது ஒரு சொல் விடாமல் அவன் காதில் விழுந்திருக்கும்.

தோழர்களே, அந்த அக்காவின் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர் பயப்படுவது பொய்யான பயமும் இல்லை. நம் ஊர்க்கூட்டங்களில், நம் திண்ணைகளில், நம் சங்க அலுவலகத்திலேயே அந்தப் பையனைப் பற்றி என்ன பேசுவோம் என்று அவருக்குத் தெரியும். அவர் மறைப்பது நம்மிடமிருந்து.

நான் சொல்ல வந்தது இதுதான். சாராயக் கடையை மூடு என்று முழங்குகிற நாம், குடிக்கிற பிள்ளையின் முகத்துக்கு நேராக நம் வீட்டுக் கதவையும் சாத்திவிட்டோம். கடைக்காரனுக்கு நாம் செய்கிற பெரிய உதவி அது. வெட்கப்பட்டுப் பதுங்குகிறவனுக்குப் போக்கிடம் அந்தக் கடை ஒன்றுதான். கடையை மூடவைக்கும் போராட்டத்தையும் பிள்ளைக்குக் கதவைத் திறக்கும் வேலையையும் இனிமேல் சேர்த்தே நடத்தியாக வேண்டும்.

இந்த மாவட்டத்துக்கு இதில் ஒரு வரலாறே உண்டு. 1937 அக்டோபர் 1ஆம் தேதி, சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். அந்த வருமான இழப்பை ஈடுகட்டத்தான் 1939இல் விற்பனை வரி வந்தது. பிறகு 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது, மீண்டும் வந்தது, 1981இல் மறுபடியும் போனது. 1983இல் டாஸ்மாக் தொடங்கியது. 2003இல் சில்லறைக் கடைகளை அரசே எடுத்துக்கொண்டது. 2024-25இல் மட்டும் மதுவால் அரசுக்கு வந்த வருமானம் 48,344 கோடி ரூபாய். இதே சேலத்து மண்ணில் பிறந்த காந்தியவாதி சசிபெருமாள், மதுக்கடையை அகற்றக் கோரி 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் செல்போன் கோபுரத்தில் ஏறி நின்று போராடி உயிர்விட்டார். அவரை மறக்க மாட்டோம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கடையைத் திறப்பதும் மூடுவதுமாகவே இத்தனை ஆண்டு அரசியல் நடந்திருக்கிறது. குடித்துப் பழகிய உடம்புக்கும், குடிக்கவைத்த மனசுக்கும் மருந்து எங்கே என்று அரசைக் கேட்டவர்கள் குறைவு. நாமும் கேட்கவில்லை.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்ததை எல்லாரும் பார்த்தோம். மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 65 பேருக்கு மேல் பலியானார்கள். சேலம் அரசு மருத்துவமனைக்கும் ஆம்புலன்ஸ் ஆம்புலன்ஸாக ஏற்றி வந்தார்கள். அந்த மாவட்டத்துக் கல்வராயன் மலை நமக்கு வேற்று மலை இல்லை. அங்கே இருப்பதும் நம் சனம்தான். சாவு விழுந்த பிறகு தலைவர்கள் வந்தார்கள், நிவாரணம் வந்தது. அந்தத் தெருக்களில் எத்தனை பேர் அதற்கு முன் பல வருடம் குடிநோயில் கிடந்திருப்பார்கள்? அவர்களில் ஒருவரையாவது, வாங்கண்ணே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போன இயக்கம் எது?

நம் மலையில் பிள்ளைகளுக்குச் சரக்கு எங்கே கிடைக்கிறது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சந்துக்கடை. டாஸ்மாக்கிலிருந்து பெட்டியாக எடுத்துவந்து, குவார்ட்டருக்குக் கூடுதல் விலை வைத்து, விடியற்காலையிலும் நடுராத்திரியிலும் விற்கிறான். வாங்குகிறவனுக்கு மீசை முளைத்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை. 21 வயதுக்குக் கீழே யாருக்கும் மது விற்கக் கூடாது என்று தமிழ்நாட்டு விதி இருக்கிறது. அதற்கும் மேலே, 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு இருக்கிறது. 18 வயது நிரம்பாத பிள்ளைக்கு மது கொடுத்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பிள்ளையை வைத்துச் சரக்கு விற்றாலும் கடத்தினாலும் 78ஆம் பிரிவில் அதே தண்டனை. இந்தப் பிரிவுகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். புகார் எழுதும்போது பிரிவு எண்ணைப் போட்டு எழுதுங்கள். காவல் நிலையத்தில் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். பிள்ளையின் பெயரை மட்டும் ஊருக்குள் பரவவிடாதீர்கள்.

சரி, பிள்ளைகள் ஏன் குடிக்கிறார்கள்? கெட்ட சகவாசம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் அருகில் உட்கார்ந்து கேட்டால் வேறு கதைகள் வருகின்றன. அப்பன் அடித்த அடி. படித்து மேலே போகலாம் என்று நினைத்திருந்தபோது சாதிச் சான்றிதழுக்கு அலையவிட்ட அலைச்சல். கீழ்நாட்டுப் பள்ளியில், விடுதியில், மலைக்காரப் பயல் என்று கேட்ட ஏச்சு. காதல். கடன். காரணமே தெரியாமல் நெஞ்சை அடைக்கும் பயம். ரெண்டு டம்ளர் போட்டால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வந்துவிடுகிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் அவன் போதையைத் தேடவில்லை என்று நமக்குப் புரிய வேண்டும். அவன் கையில் கிடைத்த மருந்து அது ஒன்றுதான். அந்த மருந்தே பிறகு தூக்கத்தைக் கெடுக்கும், சோர்வைக் கூட்டும், சாகும் எண்ணத்தைக் கிளப்பிவிடும் என்பதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

மூளையின் வளர்ச்சி இருபது வயதைத் தாண்டியும் தொடர்கிறது. பதினைந்து வயதுக்குள் குடிக்கத் தொடங்குகிறவர்கள் பின்னாளில் குடிக்கு அடிமையாகும் வாய்ப்பு, இருபதைத் தாண்டித் தொடங்குகிறவர்களைவிட நாலு மடங்கு என்று அமெரிக்காவில் செய்த பெரிய ஆய்வு ஒன்று 1997லேயே சொல்லிவிட்டது. உலகில் 10 முதல் 19 வயதுக்குள் இருக்கும் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் சேர்ந்திருந்தது. மதுவால் நோய்ப்பட்டவர்களில் 86 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்று அதில் தெரிந்தது. நூறில் எண்பத்தாறு! அது ஊர், நகரம் எல்லாம் சேர்ந்த கணக்கு. ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்குப் பொழுது போய்விடும் நம் ஊர்களில் நிலைமை என்னவாக இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

இப்போது நம்மை நோக்கிப் பேசுகிறேன். கசக்கும். ஆனாலும் கேளுங்கள்.

போதையில் விழுந்து கிடக்கும் பையனைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டவர்கள் நம்மில் உண்டு. ஊர்க்கவுண்டர் முன்னால் பிள்ளையை நிறுத்தி அபராதம் போட்டபோது தலையாட்டியவர்கள் உண்டு. வாலிபர் கிளையில் துடிப்பாக வேலை செய்த தம்பி குடிக்கிறான் என்று தெரிந்ததும், பேசிப்பார்க்காமலே உறுப்பினர் அட்டையைத் திரும்ப வாங்கியவர்கள் உண்டு. இயக்கத்தின் பேர் கெட்டுவிடும் என்று காரணம் சொன்னோம். அந்தத் தம்பிக்கு நல்லது சொல்லும் நாலு பேர் இருந்த ஒரே இடம் அந்தக் கிளைதான். அதிலிருந்தும் வெளியேற்றிவிட்டு, அவன் திருந்தவில்லை என்று அவனையே குறை சொல்கிறோம். போதும். குடிக்கிறான் என்ற காரணத்துக்காக இனி ஒரு பிள்ளையைக்கூட எந்தக் கிளையிலிருந்தும் நீக்கக் கூடாது. கூட்டத்துக்குக் குடித்துவிட்டு வந்தால் அன்றைக்கு வீட்டில் கொண்டுபோய் விடுங்கள். மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள்.

வெட்கம் யாருக்கு உரியது என்பதை நமக்குக் கற்றுத்தந்த பெண்கள் பக்கத்து மலையில் இருக்கிறார்கள். 1992 ஜூன் 20 அன்று சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் புகுந்து செய்த கொடுமையை நான் விவரிக்க வேண்டியதில்லை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்கள் மலைவாழ் மக்கள் சங்கத்தோடு சேர்ந்து நீதிமன்றப் படியேறினார்கள். வெளியே சொன்னால் மானம் போகும், கல்யாணம் நடக்காது என்று அவர்களுக்கும்தான் ஊர் சொன்னது. அவர்கள் பேசினார்கள். 2011இல் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அன்று உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 ஆண்டு! அந்தப் பெண்கள் தலை நிமிர்ந்து நடந்தார்கள். தலை குனிய வேண்டியவர்கள் குனிந்தார்கள். தூக்கம் வராத ஒரு பையனும், அழுகையை அடக்க முடியாத ஒரு பெண்பிள்ளையும் என்ன தப்பு செய்துவிட்டார்கள், ஒளிந்து வாழ? பதினைந்து வயசுப் பிள்ளைக்குச் சரக்கு விற்றவன் அல்லவா ஒளிய வேண்டும்?

பெண்பிள்ளைகள் என்றேன். அவர்களைப் பற்றி நம் கூட்டங்களில் பேச்சே வருவதில்லை. அப்பா குடித்துவிட்டு வரும் ராத்திரியில் தம்பிமாரைக் கூட்டிக்கொண்டு காப்பிச் செடிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை யார் கணக்கில் எடுக்கிறோம்? அவளுக்குக் கை கால் இழுத்தாலும் மூச்சு வாங்கினாலும் காத்து கருப்பு என்கிறோம். அடுத்த வைகாசிக்குள் கட்டிக்கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறோம். சரியாவதில்லை. மாதர் கூட்டத்துத் தோழியரே, இந்தப் பிள்ளைகளை நீங்கள்தான் எட்ட முடியும். தண்ணீர்க் குழாயடியில், களையெடுக்கும் இடத்தில், ரேஷன் கடை வரிசையில் பேச்சைத் தொடங்குங்கள்.

சாமிக்கு நேர்ந்துகொள்வதை நான் குறை சொல்லவில்லை. கயிறு கட்டி, சத்தியம் செய்து குடியை விட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைப் பிடுங்க வேண்டாம். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பல வருடம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், வலிப்பு வரலாம்; இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் தெரியும்; உயிரே போகலாம். அது பேயும் இல்லை, சாமி குத்தமும் இல்லை. அதற்கு மருத்துவமனையில் ஊசியும் மாத்திரையும் வைட்டமினும் இருக்கின்றன. பெரும்பாலான பிள்ளைகள் அந்தக் கட்டத்துக்குப் போயிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்களின் அப்பாக்கள் போயிருப்பார்கள். அறைக்குள் பூட்டி வைப்பது, சுவரொட்டியில் பார்த்த மருந்தைச் சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுப்பது, இரண்டையும் உடனே நிறுத்துங்கள்.

நோயாளியைக் கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். அந்த ஊர் தர்காவிலேயே பிறகு பிரார்த்தனையோடு மருந்தும் தரும் அரசுத் திட்டம் வந்தது. ஏர்வாடியில் முடிந்தது ஏற்காட்டில் முடியாதா?

ஊருக்குள்ளேயே சிகிச்சை தருவதற்கும் நம் மாநிலத்தில் முன்மாதிரி உண்டு. குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்றால் பலருக்குத் தெரியும். சென்னைக்கு வர முடியாதவர்களுக்காக அவர்கள் திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் முகாம் போட்டார்கள். நோயாளி தன் ஊரிலேயே இருந்தார், குடும்பம் கூட இருந்தது, ஊரார் சாப்பாடு போட்டார்கள். ஊரே சேர்ந்து ஒருவரைத் தேற்றும்போது அங்கே மறைப்பதற்கு என்ன இருக்கிறது? அப்படியொரு முகாம் நாகலூரிலும் மாரமங்கலத்திலும் நடக்க வேண்டும். பள்ளிக்கூடக் கட்டடம் கோடை விடுமுறையில் காலியாகத்தான் இருக்கிறது.

தூர தேசத்திலிருந்து ஒரு சேதி. ஐஸ்லாந்தில் 1998இல் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் அதற்கு முந்தைய மாதத்தில் குடித்துப் போதையேறியிருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதம். மிரட்டும் விளம்பரங்களால் அது நடக்கவில்லை. விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் கொடுத்தது, பெற்றோர் பிள்ளைகளோடு கூடுதல் நேரம் இருந்தார்கள், ராத்திரியில் பிள்ளைகள் வெளியே திரிவதை ஊரே சேர்ந்து தடுத்தது. நம்மிடம் என்ன இல்லை? ஊருக்கு ஊர் வாலிபால் வலை கட்டும் இடம் இருக்கிறது. சேர்வையாட்டம் சொல்லித்தரப் பெரியவர்கள் இருக்கிறார்கள். பொழுது சாய்ந்த பிறகு பிள்ளைகள் கூட ஒரு விளக்கு எரியும் இடம்தான் இல்லை. நூலகக் கட்டடம் பூட்டிக் கிடந்தால் சாவியைக் கேட்டு வாங்குங்கள்.

நீலகிரியில் 2022 முதல் காலி மதுப்பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தருகிறார்கள். காட்டைக் காக்க உயர் நீதிமன்றம் தலையிட்டு வந்த ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடு. ஒவ்வொரு பாட்டிலையும் தேடித் திரும்ப வாங்க முடிகிற அரசால், அந்தப் பாட்டிலைக் குடித்த பிள்ளையையும் தேடி வர முடியும். வரவைக்க வேண்டியது நாம்.

அதற்கு நம் கையில் சட்டம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் சிக்கல்களையும் மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. அரசு நடத்தும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இருக்கும் வீடுகளில் இதைப் போய்ச் சொல்லுங்கள்.

என்ன கேட்கப் போகிறோம்? ஏற்காடு அரசு மருத்துவமனையில் வாரம் ஒரு நாள் மனநல மருத்துவர் உட்கார வேண்டும்; அவர் வரும் நாளும் நேரமும் பஸ் நிலையத்தில் எழுதி ஒட்டப்பட வேண்டும். உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு ஆலோசகர் வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை வந்து சொற்பொழிவு ஆற்றிவிட்டுப் போகிறவர் வேண்டாம், பிள்ளைகளின் பெயர் தெரிந்தவர் வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அதே தங்கைகளுக்குப் பயிற்சி கொடுத்தால், தூக்கம் வருகிறதா கண்ணு என்று ஒரு கேள்வியும் சேர்த்துக் கேட்பார்கள். சந்துக்கடைகள் ஒழிய வேண்டும், 77ஆம் பிரிவில் வழக்குப் பதிவாக வேண்டும்.

மே 1 கிராமசபை நாள். ஏற்காடு, நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை, செம்மனத்தம், வேலூர், வாழவந்தி, தலைச்சோலை, மாரமங்கலம், எல்லா ஊராட்சியிலும் இந்தக் கோரிக்கைகள் தீர்மானமாக வேண்டும். அதிகாரிகள் தாமாக எழுதிக்கொள்ள மாட்டார்கள். கையோடு எழுதிக்கொண்டு போய், வாசித்து, பதிவேட்டில் ஏறும் வரை உட்கார்ந்திருங்கள்.

அரசு வரும் வரை நாம் சும்மா இருக்க முடியாது. ஊருக்கு இரண்டு பேர், ஓர் ஆண், ஒரு பெண், எதைச் சொன்னாலும் வெளியே விடமாட்டார்கள் என்று ஊர் நம்புகிறவர்கள் முன்வாருங்கள். பட்டப்படிப்பு தேவையில்லை. புத்தி சொல்லாமல் கேட்கத் தெரிந்தால் போதும். சேலத்துக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தால் கூடப் போங்கள். பஸ் கட்டணத்தைச் சங்க நிதியிலிருந்து எடுங்கள். புறநோயாளிப் பிரிவில் யாராவது குடிச்சுட்டு வந்தியா என்று அதட்டினால், பக்கத்தில் நின்று மரியாதையாகப் பதில் சொல்ல ஒரு தோழர் வேண்டும். மனநல உதவிக்கான 14416 என்ற எண்ணை ஒவ்வொரு செல்போனிலும் ஏற்றிவிடுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை. பிள்ளைகளுக்கென்று 1098 என்ற உதவி எண் இருக்கிறது. சிக்னல் கிடைக்கும் மேடு எங்கே என்று உங்களுக்குத்தான் தெரியும். அங்கே வரை கூட நடந்து போங்கள்.

தேர்வு முடிவு வரும் நாளுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். உங்கள் ஊரில் எத்தனை பிள்ளைகள் தேர்வு எழுதினார்கள் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். அன்று மாலைக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் யாராவது போய்விட வேண்டும். தவறியவர்களுக்குச் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு உண்டு, இதே ஆண்டில் கல்லூரி சேரலாம் என்று சொல்லுங்கள். பிள்ளை வாடிப்போயிருந்தால், சாகணும்னு தோணுதா கண்ணு என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்ற தெம்புதான் வரும். அன்று ராத்திரி அந்தப் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். தோட்டத்துக்கு அடிக்கும் மருந்துகளை முந்தின நாளே பூட்டி வையுங்கள், சாவி பெரியவர் ஒருவரிடம் இருக்கட்டும். சென்னை ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பினர் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தைப் பொது இடத்தில் பூட்டி வைக்கும் முறையைச் செய்துபார்த்தார்கள், தற்கொலைகள் குறைந்தன. பூட்டு வாங்க நூறு இருநூறு ரூபாய் ஆகும்.

ஏப்ரல் முடிவதற்குள் உங்கள் ஊரின் இரண்டு பேரையும், தேர்வு எழுதிய வீடுகளையும் முடிவு செய்துவிடுங்கள். பட்டியலில் குடிக்கிறவன், மனசு சரியில்லாதவன் என்று யார் பெயருக்கு நேராகவும் குறிக்காதீர்கள். மே 1 காலையில் கொடியேற்றிவிட்டு நேராகக் கிராமசபைக்கு வாருங்கள். உங்கள் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். குடிக்கிற பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். தீர்மானத்தை வாசிக்க விருப்பமா என்று அவனைக் கேளுங்கள்.